ஜெர்மனியில் குளிரும் போர்ட்டபிள் ஏசி செம்பூரில் ஏன் குளிராது?

செம்பூர்_வாடகை
எல்லாருக்கும் வணக்கம். மும்பை செம்பூர்ல வாடகை வீடு, மூணாவது மாடி. பெட்ரூம் 10க்கு 11 அடி, உயரம் 9. மேற்குப் பார்த்த ஜன்னல், மூணு டிராக் அலுமினிய ஸ்லைடிங், வெளியே கிரில். ஸ்ப்ளிட் ஏசியோட அவுட்டோர் யூனிட் மாட்ட அபார்ட்மென்ட் சொசைட்டி என்ஓசி (ஆட்சேபம் இல்லைங்கிற கடிதம்) தராது, சுவத்துல ஓட்டை போட ஓனர் ஒத்துக்க மாட்டார். ரெண்டு கேள்வி. 1 டன் போர்ட்டபிள் இந்த ரூமுக்குப் போதுமா? இல்ல, ஃப்ராங்க்ஃபர்ட்ல இருக்கிற அண்ணன் ஊர் திரும்பும்போது அவர் வெச்சிருக்கிற 9,000 பிடியூ (குளிர்விக்கும் திறனோட அளவு) போர்ட்டபிளையே கொண்டுவரச் சொல்லலாமா? அங்க ரூம் ஜில்லுனு ஆயிடுதாம்.

கூலிங்காயில்
தம்பி, அங்கே ஜில்லென்று ஆவதும் உண்மை, அதே மெஷின் இங்கே திணறும் என்பதும் உண்மை. குற்றம் மெஷினில் இல்லை, காற்றில் இருக்கும் தண்ணீரில் இருக்கிறது.

ஒற்றைக் குழாய் போர்ட்டபிள் செய்வது இதுதான்: அறைக் காற்றில் ஒரு பகுதியைக் குளிர்வித்து உங்கள் முகத்தில் விடும். இன்னொரு பகுதியை எடுத்து, சூட்டை வெளியேற்றும் கண்டென்சர் காயில் மேல் ஓட்டி, குழாய் வழியே வெளியே தள்ளும். தள்ளுகிற காற்று மணிக்கு 300 கன மீட்டர் என்று வைத்துக்கொள்ளுங்கள், சாதாரண மெஷின்களில் அந்த அளவுக்குத்தான் இருக்கும். உங்கள் அறை 990 கன அடி, அதாவது 28 கன மீட்டர். ஆக, ஒரு மணி நேரத்தில் அறைக் காற்று முழுவதையும் பத்து முறை வெளியே கொட்டுகிறது. போன அளவு காற்று கதவடி, ஜன்னல் இடுக்கு, பாத்ரூம் என்று எங்கிருந்தாவது உள்ளே வந்தே தீரும்.

வருகிற காற்று எப்படிப்பட்டது என்பதில்தான் விஷயம். ஃப்ராங்க்ஃபர்ட்டில் 32 டிகிரி, ஈரப்பதம் 35 சதவீதம் இருக்கிற கோடை நாளில் அந்த 300 கன மீட்டரை 26 டிகிரிக்கு இறக்க சுமார் 0.6 கிலோவாட் போதும். செம்பூரில் மே மாதம் 33 டிகிரி, ஈரப்பதம் 65 சதவீதம். அதே 300 கன மீட்டரை 26 டிகிரிக்கு, 55 சதவீத ஈரத்துக்குக் கொண்டுவர சுமார் 2.9 கிலோவாட் வேண்டும். தெர்மாமீட்டரில் ஒரே ஒரு டிகிரிதான் வித்தியாசம்! ஆனால் அங்கே ஒரு கிலோ காற்றில் 10 கிராம் நீராவி, இங்கே 20 கிராமுக்கு மேல். அந்த நீராவியைத் தண்ணீராக்குவதில்தான் மெஷினின் உயிர் போகிறது.

1 டன் என்றால் 12,000 பிடியூ, 3.5 கிலோவாட். அதில் 2.9 உள்ளே இழுத்த காற்றுக்கே போய்விட்டால் மிச்சம் 0.6. மேற்கு வெயில் காய்ந்த சுவர், மேல் தளம், இரண்டு மனிதர்கள், எல்லாம் அதற்குள் அடங்க வேண்டும். அடங்காது. அறை 28, 29ல் போய் நின்றுவிடும். மெஷினுக்கு நேரே உட்கார்ந்தால் குளிரும், கட்டிலின் மறுபக்கம் குளிராது. அண்ணனின் 9,000 பிடியூ என்றால் 2.6 கிலோவாட், கணக்கே மைனஸ்.

முலுண்ட்_மேற்கு
கணக்கு சரிதான், ஆனா உள்ளே வர்ற காத்து முழுக்க வெளிக்காத்து இல்லையே சார். பாதி ஹால்ல இருந்துதானே வரும்?

கூலிங்காயில்
ஹாலுக்கு எங்கிருந்து வரும்? வெளியிலிருந்துதான். ஹாலில் தனியாக ஒரு ஏசி ஓடினால் மட்டும் பெட்ரூமுக்கு லாபம், அந்தச் செலவை அந்த ஏசி சுமக்கும். ஒன்று ஒத்துக்கொள்கிறேன்: அறை 28ல் நிற்கும்போது உள்ளே வெளியே வித்தியாசம் குறைவதால் சுமையும் குறையும். அதனால்தான் 28லாவது நிற்கிறது.

பெட்டியில் போட்டிருக்கிற எண்ணை நம்பி ஏமாற வேண்டாம். ஐரோப்பாவில் ஒற்றைக் குழாய் மெஷினைச் சோதிக்கும்போது அறைக்குள்ளும் 35 டிகிரி, வெளியிலும் 35 டிகிரி. வெளிக்காற்று உள்ளே வருவதால் ஆகும் நஷ்டம் அந்தச் சோதனையில் தெரியவே தெரியாது. அமெரிக்கப் பெட்டிகளில் இரண்டு பிடியூ எண் இருக்கும். 14,000 என்று பெரிய எழுத்தில், பக்கத்தில் 8,000லிருந்து 10,000க்குள் ஒன்று சின்ன எழுத்தில். சின்னதுதான் இந்த நஷ்டத்தையும் கழித்த எண். அதைப் பாருங்கள்.

துவாரகா_டெல்லி
டெல்லிக்கு இதே கணக்கு எப்படி வரும் அண்ணா?

கூலிங்காயில்
மே மாதம் 42 டிகிரி, ஈரப்பதம் 20 சதவீதம் என்று வைத்தால் 1.5 கிலோவாட் அளவுக்கு வரும். மும்பையில் பாதி. ஆனால் அந்தக் காய்ந்த காற்றுக்கு, தண்ணீரை ஆவியாக்கிக் குளிர்விக்கும் டெசர்ட் கூலரே 27 டிகிரி வரை இறக்கிவிடும், கரண்டும் கொஞ்சம்தான். ஜூலையில் மழை வந்ததும் டெல்லியும் மும்பை மாதிரிதான், கூலரும் கைவிடும், போர்ட்டபிளும் திணறும்.

வயர்மேன்
வெளிநாட்டிலிருந்து மெஷின் கொண்டுவருவது பற்றி. முதலில் ஹெர்ட்ஸைப் பாருங்க, அப்புறம் வோல்ட். ஜெர்மனி, பிரிட்டன், சிங்கப்பூர், துபாய் எல்லாம் 50 ஹெர்ட்ஸ், 220லிருந்து 240 வோல்ட். நம்ம ஊர் கரண்டில் ஓடும். அமெரிக்கா 120 வோல்ட், 60 ஹெர்ட்ஸ். சவூதி வோல்ட் பொருந்தும், ஆனா அதுவும் 60 ஹெர்ட்ஸ். டிரான்ஸ்ஃபார்மர் வோல்ட்டை மாத்தும், ஹெர்ட்ஸை மாத்தாது. 60க்குச் செஞ்ச கம்ப்ரஸர் 50ல் ஆறில் ஒரு பங்கு மெதுவா சுத்தும், கூலிங் குறையும், மோட்டார் கூடுதலா கரண்ட் இழுத்துச் சூடாகும். மோட்டாரைக் காக்கிற ஓவர்லோட் சுவிட்ச் அடிக்கடி கட் ஆகும். அந்த மெஷினை அங்கேயே யாருக்காவது குடுத்துட்டு வர்றது நல்லது.

ஜெர்மன் பிளக்குக்கு ரெண்டு உருண்டை முள், எர்த் பக்கவாட்டில். நம்ம சாக்கெட்டில் திணிச்சா முள் போகும், மெஷின் ஓடும், எர்த் மட்டும் இருக்காது. தண்ணி நிக்கிற மெஷின், விளையாட வேண்டாம். பிளக்கை வெட்டிட்டு நம்ம ஊர் 16 ஆம்பியர் மூணு முள் பிளக் டாப் மாட்டணும். பிரவுன் பேஸ், நீலம் நியூட்ரல், பச்சை மஞ்சள் எர்த்.

இங்கே வாங்கினாலும் இது பொருந்தும்: 1 டன் போர்ட்டபிள் 1,200லிருந்து 1,400 வாட், ஓடும்போது ஆறு ஆம்பியர், ஸ்டார்ட் ஆகும் நொடியில் அதைப்போல பல மடங்கு. படுக்கைக்குப் பக்கத்தில் இருக்கிற 6 ஆம்பியர் பாயிண்டில் மாட்டக்கூடாது, எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் வேண்டவே வேண்டாம். மீட்டர் போர்டிலிருந்து 2.5 சதுர மில்லிமீட்டர் செம்பு வயர், 16 ஆம்பியர் சாக்கெட், 'சி' வகை எம்சிபி (தானா கட் ஆகும் சுவிட்ச்). மாட்டி அரை மணி ஓடவிட்டு பிளக் டாப்பைத் தொட்டுப் பாருங்க. வெதுவெதுன்னு இருந்தா பரவாயில்ல. கை வெக்க முடியலைன்னா சாக்கெட் கவ்வல் தளர்ந்திருக்கு, சாக்கெட்டை மாத்துங்க. சயன், மாட்டுங்கா பக்கம் பழைய கட்டடங்கள்ல எர்த் வயர் பெயருக்குத்தான் இருக்கும், எலக்ட்ரீஷியனை வெச்சு முதல்லயே பார்த்துடுங்க.

கூலிங்காயில்
வயர்மேன் சொன்னதோடு இன்னொன்று. ஐரோப்பாவில் 2020 முதல் விற்கும் போர்ட்டபிள்களில் கூலிங் கேஸ் அனேகமாக ஆர்290, அதாவது புரோப்பேன். சமையல் கேஸின் உறவுக்காரன். விமானத்தில் பயணப் பெட்டியோடு அனுப்ப விடமாட்டார்கள், எடையே 30 கிலோ சுமாருக்கு இருக்கும். வேறு வழியில் கொண்டுவந்தாலும், கேஸ் கசிந்தால் தெருமுனை மெக்கானிக் கையில் இருக்கிற ஆர்32வையோ ஆர்410ஏவையோ அடித்துவிடுவார். பிரஷர் வேறு, எண்ணெய் வேறு, கம்ப்ரஸர் போய்விடும். பல போர்ட்டபிள்களில் கேஸ் அடிக்க வால்வே இருக்காது, குழாயை நசுக்கி மூடியிருப்பார்கள்.

மாட்டுங்கா_மாமி
எல்லாரும் கூலிங்கைப் பத்தியே பேசறேள். மும்பையில போர்ட்டபிள் நிக்கறது தண்ணியாலதான்.

ஜன்னல் ஏசி தண்ணியை வெளியே சொட்டும். போர்ட்டபிள் அந்தத் தண்ணியை அள்ளி சூடான காயில் மேல தெளிச்சு, ஆவியாக்கி, குழாய் வழியா அனுப்பிடும். 'தண்ணி கொட்டவே வேண்டாம்'னு விளம்பரம் பண்றது இதைத்தான். ஐரோப்பாவுக்குச் சரி. இங்க மே, ஜூன்ல மணிக்கு ஒரு லிட்டருக்கு மேல சேரும், அவ்வளவையும் ஆவியாக்க அதால முடியாது. அடித்தட்டு ரொம்பச் சின்னது, நிறைஞ்சதும் மிதவை தூக்கும், கம்ப்ரஸர் நிக்கும், திரையில ஒரு எர்ரர் கோட் வரும். ராத்திரி ரெண்டு மணிக்கு.

அதனால முதல் நாளே டிரெயின் டியூப் போட்டுடணும். பின்பக்கம் ரெண்டு ரப்பர் மூடி இருக்கும். மேலே இருக்கறது ஓடும்போதே வடிக்க, கீழே இருக்கறது தட்டைக் காலி பண்ண. மேல் மூடியில 12 மில்லிமீட்டர் கண்ணாடி மாதிரி தெரியற பிளாஸ்டிக் டியூப் மாட்டி பாத்ரூம் நானி டிராப் (தரையில தண்ணி போற வாய்) வரைக்கும் விடணும். பம்ப் கிடையாது, சரிவுதான். நம்ம பாத்ரூம் வாசல்ல மார்பிள் படி ஒண்ணரை அங்குலம் இருக்குமே, அதைத் தாண்டணும். மெஷினை ஆறு அங்குலப் பலகை மேல ஏத்தி, சக்கரத்துக்கு முட்டு குடுக்கணும். டியூப் நடுவுல தொய்ஞ்சு 'ப' மாதிரி வளைஞ்சா காத்து அடைச்சுண்டு தண்ணி நின்னுடும். பக்கெட்ல விடறதா இருந்தா 20 லிட்டர் பக்கெட், டியூப் நுனி தண்ணிக்குள்ள முங்கக் கூடாது.

இன்னொரு விஷயம், இதை யாரும் சொல்றதில்ல. ஒற்றைக் குழாய் மெஷின் அறையில இழுவை உண்டாக்கும். அட்டாச்டு பாத்ரூம்ல நானி டிராப் காய்ஞ்சிருந்தா சாக்கடை நாத்தம் நேரே கட்டிலுக்கு வரும், தினம் ஒரு செம்பு தண்ணி ஊத்தணும். அது நாத்தத்தோட போச்சு. பாத்ரூம்ல கேஸ் கீஸர் (கேஸ்ல வெந்நீர் போடற மெஷின்) இருந்தா அதோட புகையும் இந்தப் பக்கம் வரும். கார்பன் மோனாக்சைடுக்கு மணமே கிடையாது. கீஸர் எரியும்போது மெஷின் ஓடவே கூடாது.

செம்பூர்_வாடகை
மாமி, கேஸ் கீஸர் இருக்கு. பாத்ரூமும் அட்டாச்டு. நல்லவேளை கேட்டேன்.

பிளாட்_ஹன்டர்
ஆளுக்கு ஆள் பயமுறுத்துறீங்க. முப்பதாயிரம் நாப்பதாயிரம் குடுத்து வாங்கினவங்க எல்லாம் முட்டாளா? கட்டில் பக்கத்துல வெச்சு மேல படுற மாதிரி திருப்பிவிட்டா தூக்கம் வருது. அது போதும்.

கூலிங்காயில்
அதற்குப் போதும், மறுக்கவில்லை. ஒரு ஆள், ஒரு கட்டில், மூன்றடி தூரம் என்றால் நியாயமான பொருள். அறையைக் குளிர்விக்கும் என்று நினைத்து வாங்குவதுதான் தவறு. செலவையும் சேர்த்துச் சொல்லுங்கள்: 24ல் வைத்தால் அறை 24க்கு வரவே வராது, கம்ப்ரஸர் ஓய்வெடுக்காது, 1.3 கிலோவாட் எட்டு மணி நேரத்துக்கு பத்தரை யூனிட் தினமும். கம்ப்ரஸர் தலைமாட்டில் உறுமும் சத்தம் தனி.

பன்வேல்_ஃபேப்ரிகேட்டர்
ஜன்னல் வேலை சொல்றேன். பெட்டியோடு வரும் பிளாஸ்டிக் பட்டை நம்ம மூணு டிராக்குக்குப் பொருந்தாது, ஜெர்மன் ஜன்னலுக்கு வரும் ஜிப் வெச்ச துணி அதைவிட மோசம். அந்த ஜன்னல் கீல் போட்டு உள்பக்கம் திறக்கிறது, நம்முது ஓடுறது. ஏசிபி ஷீட் (ரெண்டு பக்கமும் அலுமினியம், நடுவுல பிளாஸ்டிக்) வாங்குங்க, 3 அல்லது 4 மில்லிமீட்டர். ஒரு அடி அகலம், உயரம் ஜன்னல் அளவு. கண்ணாடி ஷட்டரை எப்படி மேல் சேனல்ல தூக்கிக் கீழ் டிராக்ல இறக்குவோமோ, அதே மாதிரி இறங்கணும், அதனால கண்ணில் தெரியும் திறப்பை அளந்தா பத்தாது, மேல் சேனலுக்குள் டேப்பை விட்டு அளக்கணும். நாலு ஓரமும் 'யூ' சேனல், டிராக் அகலத்துக்கு பிரஷ் பட்டை. ஓட்டையை ஹோஸ் காலரின் வெளிவிட்டத்துக்கு ரெண்டு மில்லிமீட்டர் கூட வெட்டணும், ஜிக்சா ரம்பம் போதும்.

எல்லாரும் கோட்டை விடுற இடம் ஒண்ணு: பேனல் ஒரு டிராக்ல, கண்ணாடி அடுத்த டிராக்ல. ரெண்டுக்கும் நடுவுல முக்கால் அங்குலத்துக்குக் காத்து வழி மேலேருந்து கீழே வரைக்கும் இருக்கும். அங்க ஃபோம் பட்டை ஒட்டலைன்னா வெளியே தள்ளின சூடு அப்படியே உள்ளே வரும்.

ஓட்டையை ஜன்னல் திட்டிலிருந்து நாலு அங்குலத்தில் போடுங்க. ஹோஸ் எவ்வளவு குட்டையோ அவ்வளவு நல்லது, ரெண்டு மூணு அடிக்கு மேல இழுக்காதீங்க, இன்னொரு ஹோஸ் சேர்த்து நீட்டவே கூடாது. தொட்டுப் பாருங்க, கை சுடும், அதுவே அறைக்குள்ள ஒரு ஹீட்டர். ஹோஸ் மேல 9 மில்லிமீட்டர் நைட்ரைல் ரப்பர் ஷீட்டைச் சுத்தி அலுமினிய டேப் ஒட்டுங்க. வெளி வாய்க்குக் கீழ் நோக்கிய மூடி, மழைக்கு. புறாவுக்கு அரை அங்குல வலை. கொசுவலை போட்டா ஒரே மாசத்துல தூசி அடைச்சு மெஷின் மூச்சு முட்டும்.

முலுண்ட்_மேற்கு
வெளிக்காத்தை இழுக்க ஒண்ணு, சூட்டைத் தள்ள ஒண்ணுன்னு ரெண்டு ஹோஸ் மெஷின் இந்தியாவுல கிடைக்குமா? இல்ல நாமளே ரெண்டாவது ஹோஸ் போட்டுக்கலாமா?

கூலிங்காயில்
கடைகளில் இருப்பது பெரும்பாலும் ஒற்றைதான். நாமே போடலாம், ஆனால் வாரண்டி போகும். பின்பக்கம் பெரும்பாலும் இரண்டு காற்றுவாய்: மேலே குளிர் காயிலுக்கு, கீழே கண்டென்சருக்கு. எது எது என்று தெரிய, மெஷினை ஓடவிட்டு மேல் வாயைச் செய்தித்தாளால் மூடிப் பாருங்கள், முன்னால் வரும் காற்று குறைந்தால் அதுதான் குளிர் பக்கம். கீழ் வாயின் மேல் சன்பேக் (உள்ளே குழல் குழலாக இருக்கும் பிளாஸ்டிக்) ஷீட்டில் நாலு அங்குல ஆழப் பெட்டி செய்து டேப்பால் ஒட்டி, ஆறு அங்குல அலுமினிய ஹோஸால் ஜன்னலோடு இணைக்கலாம். ஹோஸ் அதைவிடச் சிறுத்தால் கண்டென்சருக்குக் காற்று போதாமல் ஓவர்லோட் தட்டும். ஜன்னலில் இரண்டு வாய்க்கும் நடுவே இரண்டு அடியாவது இருக்கட்டும், இல்லாவிட்டால் தள்ளிய சூட்டையே திரும்பக் குடிக்கும். இழுக்கும் ஹோஸ் வெளிப்பக்கம் சரிந்திருக்க வேண்டும், மழைத்தண்ணீர் உள்ளே வரக்கூடாது. கடலோரம் என்றால் ஒரு குறை உண்டு: உப்புக்காற்று நேரே கண்டென்சருக்குப் போகும், துரு சீக்கிரம் பிடிக்கும்.

பன்வேல்_ஃபேப்ரிகேட்டர்
செம்பூர் தம்பி, இதை முதல்லயே கேட்டிருக்கணும். உங்க கிரில் சுவத்தோட ஒட்டினதா, வெளியே நீட்டின பாக்ஸ் கிரில்லா?

செம்பூர்_வாடகை
பாக்ஸ் கிரில்தான் அண்ணே. ஒண்ணரை அடிக்கு மேல வெளியே நீட்டியிருக்கு. பூந்தொட்டி வெச்சிருக்கோம்.

பன்வேல்_ஃபேப்ரிகேட்டர்
அப்போ போர்ட்டபிளை மறந்துடுங்க. 1 டன் ஜன்னல் ஏசி வாங்குங்க. சுவர்ல ஓட்டை வேண்டாம், ஒரு கண்ணாடி ஷட்டரைக் கழட்டி கட்டிலுக்கடியில வெச்சுட்டு, அந்த இடத்துல ஏசிபி ஃப்ரேம். காலி பண்ணும்போது ஷட்டரைத் திரும்ப மாட்டிட்டா ஓனருக்குத் தழும்பே தெரியாது. ஜன்னல் ஏசிக்குப் பக்கவாட்டில் காத்து இழுக்கிற துவாரம் இருக்கும், அது சுவருக்கு வெளியே வந்தாகணும். சுவத்தோட ஒட்டின ஃப்ளஷ் கிரில்ல முடியாததும் பாக்ஸ் கிரில்ல முடியறதும் அதனாலதான். எடையை மட்டும் கிரில் மேல ஏத்தாதீங்க. ஃப்ரேமின் கீழ்க்கம்பி திட்டு மேல உட்காரணும், வெளியே ஒரு ஆங்கிள் சட்டம். பின்பக்கம் கால் அங்குலம் தாழ்வா, தண்ணி வெளியே வடியற மாதிரி. டிரெயினுக்கு டியூப் போட்டு கட்டடத்தோட டவுன்டேக் குழாய்ல (கீழே தண்ணி இறங்குற குழாய்) விடுங்க, கீழ்வீட்டுத் துணி மேல சொட்டினா சொசைட்டி செக்ரட்டரி அன்னிக்கே வருவார்.

கூலிங்காயில்
இதையே வழிமொழிகிறேன். ஜன்னல் ஏசியின் கண்டென்சர் வெளிக்காற்றையே எடுத்து வெளியிலேயே விடும். அந்த 2.9 கிலோவாட் சமாச்சாரமே இல்லை. மின்சிக்கனத்தைக் காட்டும் ஸ்டார் லேபிளும் பார்த்து வாங்கலாம், போர்ட்டபிளில் பெரும்பாலும் அது இருக்காது. 2025 செப்டம்பர் 22லிருந்து ஏசிக்கு ஜிஎஸ்டி 28லிருந்து 18 சதவீதம் ஆகியிருக்கிறது, பழைய விலைப்பட்டியலைக் காட்டினால் கேளுங்கள். சொசைட்டிக்கு எழுதும்போது 'அவுட்டோர் யூனிட் இல்லை, கிரில்லுக்குள் ஜன்னல் ஏசி' என்று எழுதுங்கள், என்ஓசி மறுப்பு அவுட்டோருக்குத்தானே.

செம்பூர்_வாடகை
எழுதிட்டேன். பூந்தொட்டியை மாத்தணும், அவ்வளவுதான். அண்ணன்கிட்ட மெஷினை அங்கேயே வித்துடச் சொல்லிட்டேன்.

கோலிவாடா_பையன்
எனக்கு ஃப்ளஷ் கிரில் சார். ஜன்னல் ஏசிக்கு வழியில்ல. ரூம் 8க்கு 9. அட்டாச்டு பாத்ரூம் இல்ல. போர்ட்டபிள் வாங்கியே ஆகணும்னா?

கூலிங்காயில்
1 டன்னுக்குக் குறைந்து வாங்காதீர்கள். ஏசிபி பேனல், நடு இடுக்கில் ஃபோம், டிரெயின் டியூப், இந்த மூன்றும் இல்லாமல் சுவிட்சைப் போடாதீர்கள். சாயங்காலம் ஐந்து மணிக்கே ஓடவிட்டால் சுவர் சூடு கொஞ்சம் இறங்கும். ஃபில்டரைப் பதினைந்து நாளைக்கு ஒருமுறை கழுவுங்கள், கண்டென்சர் வாயில் இருக்கிற இரண்டாவது ஃபில்டரையும் சேர்த்து, அதைப் பலபேர் பார்ப்பதே இல்லை.

வயர்மேன்
டெம்போவில் படுக்க வெச்சு கொண்டுவந்திருந்தா நிமிர்த்தி ஒரு நாள் முழுக்க விட்டுட்டு அப்புறம் போடுங்க. கம்ப்ரஸர் எண்ணெய் குழாய்க்குள்ள ஏறியிருக்கும், கீழே இறங்கணும். கரண்ட் போய் வந்தா மூணு நிமிஷம் கழிச்சுத்தான் கம்ப்ரஸர் எடுக்கும், ரிப்பேர்னு நினைச்சு பிளக்கைப் புடுங்காதீங்க.

மாட்டுங்கா_மாமி
பலகை ஆறு அங்குலம். மறந்துடாதே.